ஊதா மருந்தும் ஒரு கொட்டாவியும்

மேடவாக்கத்தில் என் மகள் வீடு இருக்கும் அடுக்ககத்தில், எங்களுக்கு மேல் மாடியில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. போன வாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "ஆன்ட்டி, நீங்க நர்ஸா இருந்தீங்களாமே! இவன் நாக்கைக் கொஞ்சம் பாருங்களேன், வெள்ளையா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஒரு கையால் அதன் கன்னத்தை அழுத்தி, மறுகையால் செல்போன் விளக்கை வாய்க்குள் அடித்தாள். குழந்தை வீல் என்று கத்தியது. கத்தாமல் என்ன செய்யும்? என் வாய்க்குள் யாராவது அப்படி விளக்கடித்தால் நானும்தான் கத்துவேன்.

"விடும்மா. முதல்ல உட்காரு. அவன் கொட்டாவி விடட்டும், பார்த்துக்கலாம்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பாள். ஆனாலும் உட்கார்ந்தாள். கீழே தண்ணி லாரி குழாயை இழுக்கும் சத்தம், மின்விசிறி சத்தம், மதிய வெயில். நான் வேண்டுமென்றே நீளமாக ஒரு கொட்டாவி விட்டேன். அவளுக்கும் வந்தது. பிள்ளை அவள் தோளில் கொஞ்சம் தளர்ந்தது. சற்று நேரத்தில் அந்தப் பயலும் வாயை ஆவென்று திறந்தான். சுத்தமான துணியை நனைத்து நாக்கில் லேசாக ஒற்றினேன். வெள்ளை துணியோடு வந்துவிட்டது. வெறும் பால்.

"எங்கே ஆன்ட்டி கத்துக்கிட்டீங்க இதை?" என்று கேட்டாள். ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கிற கதையா அது? அவள் போன பிறகு அன்று மதியம் எனக்குத் தூக்கம் வரவில்லை. தாம்பரம்தான் கண்ணுக்குள் வந்தது.

நான் நர்ஸ் படிப்பு முடித்துத் தாம்பரத்தில் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் நடுவில். படித்த காலத்தைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. கட்டில் விரிப்பின் மூலையை மடிக்கக் கற்றுக்கொண்டேன், ஊசி போடக் கற்றுக்கொண்டேன், வாயை அடக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசிப் பாடம் மட்டும் எனக்கு வரவேயில்லை. வீட்டில் கேட்டால் இன்றைக்கும் அதையேதான் சொல்வார்கள்.

ரயில் தண்டவாளத்துக்குக் கிழக்கே, கேட்டைத் தாண்டி, ஓடு வேய்ந்த சின்ன ஆஸ்பத்திரி. வாசலில் ஒரு வேப்பமரம். மரத்தடியில் நீளமான பெஞ்சுகள். காலையில் காய்ச்சல், பேதி, இருமல் என்று பெரிய கூட்டம் வந்து போய்விடும். மதியத்துக்கு மேல்தான் கைக்குழந்தைகள். அந்த மதியங்களை இப்போது நினைத்தால், நிஜமாகவே நடந்ததா, இல்லை நான் தூக்கத்தில் கண்டதா என்று சந்தேகமாக இருக்கிறது. மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய விமானம் எங்கோ உறுமிக்கொண்டே போகும். மின்சார ரயில் ஊதிவிட்டு நிற்கும். பல்லாவரத்து மலையில் கல் உடைக்க வெடி வைத்தால், தூரத்தில் 'டம்' என்று ஒரு சத்தம் வரும். உடனே அத்தனை பிள்ளைகளும் தூக்கத்திலேயே இரண்டு கைகளையும் விரித்துத் துள்ளும், மறுபடி தூங்கிப்போகும். வேப்பம்பூ அதுகள் மேலெல்லாம் உதிர்ந்து கிடக்கும்.

எங்கள் டாக்டர் பெயர் வத்சலா. ஒல்லியான அம்மா. கஞ்சி போட்ட நூல் புடவை, மூக்குக் கண்ணாடி, மெதுவான பேச்சு. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எனக்கோ மூக்கு மேல் கோபம். "புஷ்பம், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க, உங்க முகத்தைப் பார்த்தே பிள்ளை அழுது" என்பார். அதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

அவரிடம் ஒரு பழக்கம். பச்சைப்பிள்ளையின் வாயைப் பார்க்க வேண்டுமென்றால் கட்டையை வைத்து நாக்கை அழுத்த மாட்டார். கன்னத்தைப் பிடிக்க மாட்டார். தாயை எதிரே உட்காரவைத்து ஊர்க்கதை பேசுவார். எந்த ஊர், என்ன சமையல், மாமியார் எப்படி என்று. பேச்சு நடுவில் கண்ணை மூடி, புறங்கையால் வாயை மறைத்து, நிதானமாக ஒரு கொட்டாவி விடுவார். எதிரே இருக்கும் தாய்க்கு வரும். பெஞ்சில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒவ்வொருவராக வரும். மருந்துச் சீட்டு எழுதும் கிளார்க் வரை வரும். "பிள்ளைக்கு அது தொத்தாது புஷ்பம், அம்மாவுக்குத்தான் தொத்தும். அவ உடம்பு தளர்ந்தா மடியில இருக்கறதும் தளரும். அப்புறம் அது தானா வாயைத் திறக்கும்" என்பார். திறக்கும். அப்போது கண்ணாடியை லேசாக உயர்த்தி ஒரு பார்வை. அவ்வளவுதான் பரிசோதனை.

புதிதில் எனக்கு எரிச்சலாக வரும். இவ்வளவு கூட்டம் காத்திருக்கிறது, இந்த அம்மா கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறாரே என்று. பிறகு எனக்கே அது பழகிவிட்டது. சர்ச்சில் பிரசங்கத்தின்போது கூட நான் கொட்டாவி விட்டு, பக்கத்து வரிசைக் குழந்தைகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போதகர் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ தெரியாது.

நாங்கள் தேடியது பெரும்பாலும் அக்கரம். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் தயிர் ஒட்டினது போல வெள்ளைத் திட்டுகள். பால் என்றால் துடைத்தால் வந்துவிடும். அக்கரம் வராது. அழுத்தித் தேய்த்தால் கீழே சிவந்து ரத்தம் கசியும். அது ஒரு பூஞ்சை. பிள்ளை பசியோடு பால் குடிக்க வரும், சப்பும், எரியும், விட்டுவிட்டு அழும். மறுபடி பசிக்கும்.

அதற்கு அன்றைக்கு எங்களிடம் இருந்தது ஊதா மருந்து. ஜென்ஷன் வயலட். முதலில் பிள்ளையின் உதட்டைச் சுற்றிலும் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும், கறை பிடிக்காமல் இருக்க. பிறகு பஞ்சை ஊதாவில் தோய்த்து, பிழிந்து, திட்டுகள் மேல் மட்டும் மெல்லத் தொட்டு எடுக்க வேண்டும். நிறைய வைத்தால் உள்ளே புண்ணாகிவிடும். முடிந்ததும் பிள்ளையைக் குப்புறப் போட்டு அம்மா மடியில் கிடத்துவோம், மருந்து எச்சிலோடு வெளியே வடியட்டும் என்று. எத்தனை எண்ணெய் தடவி என்ன? வேப்பமரத்தடியில் ஊதா உதட்டோடு வரிசையாகப் பிள்ளைகள் தூங்கும். மைக்கூட்டைக் குடித்தது போல இருக்கும். என் விரல் நுனிகளோ கேட்கவே வேண்டாம். என் கல்யாணத்தன்று மோதிரம் போட விரலை நீட்டியபோது மாப்பிள்ளை ஒரு கணம் தயங்கினார். "தொத்து வியாதி இல்லை, போடுங்க" என்று பீடத்துக்கு முன்னாலேயே சொன்னேன்.

நான் இன்றைக்கும் மறக்காத ஒரு பிள்ளை வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில், ஐப்பசி மழைக்காலத்தில்.

பொழிச்சலூரிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அப்போது அங்கே வயலும் ஏரியும்தான், நடுநடுவே புதிதாக வீடுகள். பஸ் பிடித்துப் பல்லாவரம் வந்து, ரயிலேறித் தாம்பரம் வர வேண்டும். தாய்க்குப் பெயர் லலிதா, செங்கல்பட்டுப் பக்கத்துப் பெண், முதல் பிரசவம். கூட வந்தது அவள் நாத்தனார் சரோஜா. கணவரின் அக்கா. சரோஜாவுக்குப் புருஷன் சிறுவயதிலேயே போய்விட்டார், பிள்ளை இல்லை. தாய் தகப்பன் இல்லாத தம்பியை இட்லி சுட்டு விற்றே படிக்கவைத்து, ஆபீஸ் குமாஸ்தா ஆக்கி, கல்யாணமும் செய்துவைத்தவள். இதையெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்குள் அவளே எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள்.

"இன்னா டாக்டரம்மா, புள்ள வாயெல்லாம் சுண்ணாம்பு அடிச்சா மாதிரி கீது. இவ பால் ஆவல. டப்பாப் பால் குடுக்கலாம்னு சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

டாக்டர் கொட்டாவி விட்டார். சரோஜாவுக்கு வரவில்லை. ஆனால் பிள்ளை விட்டது. அக்கரம்தான். ஊதா தடவி அனுப்பினோம்.

சில நாட்களில் சரியாயிற்று. பத்துப் பதினைந்து நாள் போனதும் மறுபடி வெள்ளை. மறுபடி தடவினோம். மறுபடி சரியாயிற்று, மறுபடி வந்தது. பாத்திரத்தைக் கொதிக்கவைக்கச் சொன்னோம், செய்தார்கள். துணியை வெயிலில் போடச் சொன்னோம், மழையிலும் எப்படியோ செய்தார்கள். பிள்ளை இளைத்துக்கொண்டே வந்தது. தொடையில் தோல் தொங்கியது. அழுகை மெலிந்து பூனைக்குட்டிச் சத்தம் போல ஆயிற்று. அழுகிற பிள்ளையைப் பற்றி நர்ஸுக்குக் கவலையில்லை, அழாத பிள்ளையைப் பற்றித்தான்.

அன்றைக்கு சரோஜா முடிவோடு வந்திருந்தாள். "டாக்டரம்மா, இதான் கடைசி. இனிமே இவ பால் வேணாம். நான் சொல்லிக்கினே கீறேன், யாரு கேக்கறாங்க? இவள அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டு, புள்ளைய நான் வளத்துக்கறேன். தம்பிகிட்டயும் சொல்லிட்டேன்."

லலிதா பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

"சரோஜாம்மா, நீங்க கொஞ்ச நேரம் மரத்தடியில உட்காருங்க" என்று டாக்டர் சொன்னார். தட்டிக்குப் பின்னால் லலிதாவை உட்காரவைத்து, "இங்கேயே பால் கொடும்மா, பார்க்கலாம்" என்றார். அவள் கூச்சப்பட்டாள். நான் முன்னால் நின்று மறைத்துக்கொண்டேன். பிள்ளை வாய் வைத்ததும் லலிதா கண்ணை இறுக்க மூடி உதட்டைக் கடித்தாள். டாக்டர் பார்த்துவிட்டார்.

"வலிக்குதா?"

"எல்லாருக்கும் வலிக்கும்தானே டாக்டர்?"

"எவ்வளவு?"

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று வந்துவிட்டது. "கண்ணாடித் துண்டு வச்சுத் தேய்க்கிற மாதிரி இருக்கு. சொன்னா பாலை நிறுத்திடுவாங்கன்னு பயந்துகிட்டு சொல்லலை."

மார்க்காம்பு சிவந்து, பளபளத்து, வெடித்திருந்தது. பிள்ளை வாயிலிருந்து தாய்க்கு, தாயிடமிருந்து பிள்ளைக்கு. நாங்கள் ஒரு பக்கம் மட்டும் மருந்து தடவிக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்தில் எந்தத் தாயும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், நாமாகக் கேட்டால்தான் உண்டு.

"உனக்கும் இதே மருந்துதான். பால் கொடுத்து முடிச்சதும் தடவி, காத்தாட விடணும். கொஞ்ச நாள்ல வலி போயிடும்" என்றார் டாக்டர்.

லலிதா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "வேண்டாம் டாக்டர். ஊதாக் கறை ரவிக்கையில படும். அண்ணி பார்த்தா, உன்கிட்டதான் நோய் இருக்குன்னு சொல்லுவாங்க. அப்புறம் பிள்ளையை என்கிட்ட விடவே மாட்டாங்க."

நியாயமான பயம்தான். இத்தனை நாளாய் சரோஜா சொன்னதற்கு நாங்களே சாட்சி சொன்னது போல ஆகிவிடும். மருந்து போடாவிட்டால் பிள்ளை போய்விடும், போட்டால் பிள்ளை கையை விட்டுப் போய்விடும். "அவங்களையும் கூப்பிடுங்க புஷ்பம்" என்றார் டாக்டர்.

சரோஜா வந்தாள். பிள்ளை சிணுங்கிக்கொண்டிருந்தது. வந்த வேகத்தில் "இன்னாடா ராசா, அத்தை வந்துட்டேன்டா" என்று குனிந்து, தன் ஆள்காட்டி விரலை அதன் வாயில் வைத்தாள். பிள்ளை கப்பென்று பிடித்துக்கொண்டது, அழுகை நின்றது. எத்தனையோ முறை அப்படி வைத்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

டாக்டர் மெதுவாக அந்தக் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். நகத்தைச் சுற்றித் தோல் உப்பிச் சிவந்திருந்தது. நகம் சொரசொரவென்று வரிவரியாய், ஓரத்தில் பச்சையும் பழுப்புமாக. ஒரு விரல் இல்லை, மூன்று நான்கு விரல்.

"இது எவ்வளவு நாளா இப்படி?"

"அது கெடக்குது. மாவு அரைக்கற கை. நாளெல்லாம் தண்ணிலயே ஊறிக்கினு கீதா, அப்டித்தான் இருக்கும்." சொல்லும்போதே அவள் குரல் இளகியது. "இந்த வெரலாலதாம்மா இவனுக்கு சேனை வச்சேன்."

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் முதலாகத் தேனோ சர்க்கரைத் தண்ணியோ தொட்டு வைப்பதுதான் சேனை. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். சரோஜா அதோடு விடவில்லை. தினமும் காலையில் மாவு வேலை முடிந்ததும், தேனைத் தொட்டு அவன் நாக்கில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். "எனக்குன்னு யாரு கீறா? எங்குணமாவது இவனுக்கு வரட்டுமே, என்னிய மாதிரி கொஞ்சம் இருக்கட்டுமேன்னுதான்" என்றாள்.

எனக்கோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளாய் அந்தப் பெண்ணின் பாலைக் குற்றம் சொன்னாயே, இப்போது பார் யார் கை என்று கேட்க வாய் துடித்தது. திறந்தும்விட்டேன். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திறந்த வாயைக் கொட்டாவி விடுவது போல மாற்றி மூடிக்கொண்டேன்.

"புஷ்பம், ஊதா மருந்து கொண்டுவாங்க. மூணு பேருக்கு" என்றார்.

"எனுக்கு எதுக்கும்மா?"

"இது மூணு பேர்கிட்டயும் சுத்திக்கிட்டு இருக்கு சரோஜாம்மா. ஒருத்தரை விட்டாலும் திரும்ப வரும்."

சரோஜா தன் விரல்களைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். அவள் மண்டு இல்லை. "அப்போ... நாந்தானா?"

வெளியே ஒரு ரயில் வந்து நின்று கிளம்பிப் போயிற்று.

"மாவைக் கரைச்சு வைக்கறீங்க. காலையில புளிச்சுப் பொங்கியிருக்கு. புளிக்கறதுக்கு நீங்க எதையாவது போட்டீங்களா? இல்லையே. காத்துல இருக்கறது, கையில இருக்கறது, தானா சேருது. இதுவும் அப்படி ஒண்ணுதான். யார்கிட்ட வேணும்னாலும் இருக்கும். ஈரமும் இனிப்பும் கிடைச்சா வளரும். வேணும்னு யாரும் கொடுக்கறது இல்லை, வேணும்னு யாரும் வாங்கறதும் இல்லை. லலிதாவோட பால்ல ஒரு குறையும் இல்லை. இந்த நிலையில அதை நிறுத்தினா பிள்ளை தாங்க மாட்டான். நீங்க இருந்து அவளைக் கொடுக்க வைக்கணும். தேன் வேண்டாம். உங்க நகம் சரியாகிற வரைக்கும் தண்ணியில கை வைக்காதீங்க, பிள்ளை வாயிலயும் வைக்காதீங்க."

மூன்று பேருக்கும் தடவினேன். பிள்ளைக்கு வாய், தாய்க்கு மார்பு, சரோஜாவுக்கு விரல்கள். என் கையையும் சேர்த்தால் அந்த அறையில் டாக்டரைத் தவிர எல்லாரும் ஊதா.

மழை நின்றது. மார்கழி வந்தது. பிள்ளை தேறினான். தராசில் போட்டால் முள் நகர்ந்தது. மாவு அரைப்பது யார் என்று கேட்டேன். "அவர்தான் சிஸ்டர். ஆபீஸ் விட்டு வந்து ஆட்டுக்கல்லுல உட்கார்ந்துடறார். பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் வேடிக்கை பார்க்கறாங்க" என்று லலிதா சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்சம் அழகான பெண்தான்.

ஆனால் கூட வந்த சரோஜா சரியாக இல்லை. அந்த வாயாடியா இவள் என்று இருந்தது. கைகளை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அவளைப் பார்த்துக் கையைக் காலை உதைத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தொடறதே இல்லை சிஸ்டர்" என்று லலிதா மெல்லச் சொன்னாள். "தூக்கக்கூட மாட்டேங்கறாங்க. சரியா சாப்பிடறதும் இல்லை. பொங்கல் முடிஞ்சதும் காஞ்சிபுரத்துல யாரோ சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிடறேங்கறாங்க. நானும் சொல்லிப் பார்த்துட்டேன், அவரும் அழுது பார்த்துட்டார்."

டாக்டரிடம் சொன்னேன். "விரல் ஆறட்டும், பார்ப்போம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. விரலா இப்போது பிரச்சினை?

தை மாதம் வந்தார்கள். வேப்பமரத்தில் புதுத் தளிர். சரோஜா கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். அன்றைக்கே இங்கிருந்து காஞ்சிபுரம் பஸ் ஏறப்போகிறாளாம். டாக்டர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வீக்கம் இல்லை. அடியிலிருந்து புது நகம் வழவழவென்று வளர்ந்து வந்திருந்தது.

"சரியாயிடுச்சு சரோஜாம்மா. இனிமே பிள்ளையைத் தூக்கலாம், கொஞ்சலாம், எல்லாம் செய்யலாம்."

"வேணாம்மா." கையை இழுத்துக்கொண்டாள். "நான் தொட்டா ஆவாது. புள்ள நல்லாருந்தா போதும்."

இவளையா அன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க நினைத்தேன்.

அப்போது லலிதா எழுந்தாள். பிள்ளையை என் கையில் கொடுத்தாள். "வாங்க அண்ணி" என்று சரோஜாவின் மணிக்கட்டைப் பிடித்து, மூலையில் இருந்த எங்கள் கைகழுவும் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சோப்புப் போட்டு, விரல் விரலாக, நகக்கண் வரை தேய்த்துக் கழுவினாள். எங்கள் துண்டை எடுத்து ஈரம் போகத் துடைத்தாள். அதுவரை அந்தப் பெண் நாத்தனாருக்கு எதிராக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இப்போதும் பேசவில்லை. பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, சரோஜாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அதன் வாயில் வைத்தாள்.

"ஐயோ, வேணாம்டி!" என்று சரோஜா அலறினாள்.

நானும் பதறிப்போய் முன்னால் போனேன். டாக்டர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

பிள்ளை அந்த விரலைக் கப்பென்று பிடித்துச் சப்ப ஆரம்பித்தான்.

"அவனுக்கு உங்க குணம் வேணும் அண்ணி" என்றாள் லலிதா. "என்னை மாதிரி வாயில்லாப் பூச்சியா அவன் வளரக்கூடாது. நீங்க எங்கேயும் போகக்கூடாது."

சரோஜா நின்ற இடத்திலேயே தேம்பித் தேம்பி அழுதாள். துணிப்பை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான் அழவில்லை என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்?

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, புறங்கையால் வாயை மறைத்து, நிதானமாக ஒரு கொட்டாவி விட்டார். லலிதாவுக்கு வந்தது. எனக்கு வந்தது. பல்லாவரத்து வெடி தூரத்தில் 'டம்' என்றது. பிள்ளை திடுக்கிட்டுக் கையை விரித்தான், விரலை விட்டான், பிறகு நெற்றியைச் சுருக்கி, முகமெல்லாம் வாயாக, பெரிய கொட்டாவி ஒன்று விட்டான். நாலு பேரும் குனிந்து பார்த்தோம். நாக்கு, கன்னம், அண்ணம், எல்லாம் இளஞ்சிவப்பு. எங்கும் ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை.

அழுதுகொண்டே குனிந்து பார்த்த சரோஜாவும், முதல் தடவையாக, வாயைப் பிளந்து கொட்டாவி விட்டாள்.

"இன்னாம்மா இது, அழும்போதுகூட வருது!" என்றாள்.

பிள்ளை மறுபடி அவள் விரலைத் தேடி வாயைத் திறந்தான். இந்த முறை அவளே வைத்தாள்.